கன்னுக்குட்டிக்கு நடுவுல நடந்தவங்க

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் எங்க சபையில வாக்குத்தத்த அட்டை குடுப்பாங்க, தட்டுல குப்புற கவுத்து வச்சிருப்பாங்க, ஜெபம் பண்ணிட்டு ஒண்ணு எடுக்கணும், அந்த வருஷம் பூரா அதுதான் நம்ம வசனம். எனக்கு இதுவரைக்கும் மூணு தடவை பைபிள்ல எரேமியா தீர்க்கதரிசியோட புஸ்தகத்துலருந்து 29:11 வந்திருக்கு. உங்களப் பத்தி நான் நினைக்கிறது எல்லாம் சமாதானத்துக்குத்தான், தீமைக்கு இல்லன்னு கடவுள் சொல்ற வசனம், ரோஜாப்பூ படம் போட்டு வரும். அதுக்கு முந்தின வசனத்துல "எழுபது வருஷம் ஆன பிறகு"ன்னு ஒரு கண்டிஷன் இருக்கு, அத மட்டும் எந்த பிரிண்டரும் போட மாட்டாரு. சரி, அதே புஸ்தகத்துல அஞ்சு அதிகாரம் தள்ளி 34 இருக்கு. அதுலருந்து ஒரு வசனம் எடுத்து அட்டை அடிச்சு யாராச்சும் குடுத்து நான் பாத்ததே இல்ல. குடுத்தா புது வருஷம் அதுவுமா வாங்கினவங்க சபை போதகர் ஐயர் வீட்டுக்கு சண்டைக்கு போயிருவாங்க.

இத ஏன் சொல்றேன்னா, ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தர், கிறிஸ்தவர் இல்ல, ஆனா கையில கிடைக்கிறத எல்லாம் படிக்கிற ஆளு, போன மாசம் டீ குடிக்கும்போது கேட்டாரு. "ஏங்க, உங்க பழைய ஏற்பாட்டுல தீர்க்கதரிசிங்க எல்லாரும் சாபம் விட்டுக்கிட்டே இருக்காங்களே, உங்க சாமிக்கு பொறுமையே கிடையாதா?" நான் "அதெல்லாம் அந்தக் காலங்க, புதிய ஏற்பாட்டுல அன்புதான்"னு ஒரு சப்பை பதில் சொல்லிட்டு வந்துட்டேன். வந்த பிறகு மனசு கேக்கல. ஏன்னா அது தப்பான பதில். அவருக்கு நான் எரேமியா 34 கதைய சொல்லியிருக்கணும். அங்க சொல்லாதத இங்க சொல்லிடறேன்.

கி.மு. 597. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேம பிடிக்கிறான். இதுக்கு பைபிள் மட்டும் சாட்சி இல்ல, பாபிலோன்காரங்க எழுதி வச்ச களிமண் பலகையே லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, ஆதார்னு அவங்க நாள்காட்டியில கடைசி மாசம், அதுல 2ஆம் தேதி நகரத்த பிடிச்சாரு, அங்க இருந்த ராஜாவ சிறைபிடிச்சாரு, தன் மனசுக்கு ஏத்த ஒரு ராஜாவ வச்சாரு, பெரிய கப்பம் வாங்கிட்டு வந்தாருன்னு அவங்க கணக்கு. பிடிபட்ட ராஜா யோயாக்கீன், 18 வயசு பையன், பட்டத்துக்கு வந்து மூணே மாசம். அவனுக்கு பதிலா உக்காத்தி வச்சது அவனோட சித்தப்பா மத்தனியாவ. அவருக்கு வயசு 21. பேர கூட மாத்தி சிதேக்கியான்னு வச்சாங்க. பேர மாத்தி வைக்கிறதுன்னா உன் உசிரு என் கையிலன்னு அர்த்தம். கூடவே ஒரு சத்தியமும் வாங்கினான் நேபுகாத்நேச்சார், அதுவும் அவனோட சாமி பேர்ல இல்ல, சிதேக்கியாவோட கடவுள் பேர்லயே (2 நாளாகமம் 36:13). அந்த சத்தியத்த சிதேக்கியா மீறினான், எகிப்துக்கு ஆள் அனுப்பி குதிரையும் படையும் கேட்டான். அதுக்கு எசேக்கியேல் தீர்க்கதரிசி 17ஆம் அதிகாரத்துல ரெண்டு கழுகு, ஒரு திராட்சைச் செடின்னு ஒரு விடுகதை போட்டு, கடைசியில கடவுள் வாயில வைக்கிற வார்த்தைதான் எனக்கு முதல் தடவை படிச்சப்ப தூக்கி வாரிப் போட்டுச்சு. "என்னோட சத்தியத்த அசட்டை பண்ணினான், என்னோட உடன்படிக்கைய முறிச்சான்." சத்தியம் பண்ணிக் குடுத்தது யாருக்கு? ஊரைக் கொள்ளையடிச்ச எதிரி ராஜாவுக்கு. ஆனா என் பேர சொல்லி பண்ணினா அது என் சத்தியம்னு கடவுள் எடுத்துக்கிறார். எதிரிக்கு குடுத்த வாக்குதானே, அத யாரு கேக்கப் போறான்னு விடல.

இது சிதேக்கியாவோட முதல் சத்தியம். நான் சொல்ல வந்தது ரெண்டாவது.

கி.மு. 588 வாக்குல பாபிலோன் படை திரும்ப வந்து எருசலேம சுத்தி வளைச்சிருச்சு. எருசலேம தலைநகரா வச்ச யூதா நாட்டுல மதில் வச்ச ஊருங்க ஒவ்வொண்ணா விழுந்து, எருசலேம விட்டா பாக்கி லாகீஸ், அசேக்கா ரெண்டே ரெண்டுன்னு 34:7 சொல்லுது. 1935ல ஸ்டார்க்கின்ற ஆய்வாளர் லாகீஸ் கோட்டை வாசல் பக்கம் தோண்டும்போது உடைஞ்ச பானை ஓட்டுல மையால எழுதின கடுதாசிங்க கிடைச்சுது. அதுல நாலாவதுல ஒரு சிப்பாய் தன் மேலதிகாரிக்கு எழுதுறான், ஐயா குடுத்த அடையாளப்படி லாகீஸோட தீ சமிக்ஞைய பாத்துக்கிட்டு இருக்கோம், அசேக்கா கண்ணுக்கு தெரியல. அவ்வளவுதான். அசேக்கா அணைஞ்சு போச்சான்னு அவன் எழுதல, நமக்கு வயித்த பிசையுது. அந்த ஓடு என் உள்ளங்கை அளவுக்குத்தான் இருக்கும்போல, போட்டோல பாக்கும்போது எனக்கு இந்த அதிகாரம் பூரா ஒரு நிமிஷம் பக்கத்து தெருவுல நடந்த மாதிரி ஆயிருச்சு.

இந்த நேரத்துல, ஊருக்குள்ள சாப்பாடு குறைய குறைய, சிதேக்கியா எருசலேம் ஜனங்களோட ஒரு உடன்படிக்கை போடுறான். எபிரெய அடிமை ஆணு பொண்ணு எல்லாரையும் விட்டுரணும், இனி ஒரு யூதன் தன் சொந்த சகோதரன அடிமையா வச்சிருக்கக் கூடாது.

அடிமைன்னா நம்ம மனசுல சங்கிலி, கப்பல், சாட்டைன்னு சினிமா ஓடும். இங்க அது வேற, நம்ம ஊர் வார்த்தையில சொன்னா கொத்தடிமை. மழை பொய்க்கும், விதைக்கு கடன் வாங்குவான், அடுத்த வருஷமும் பொய்க்கும், வட்டி ஏறும், நிலம் போகும், அப்புறம் மகன் போவான், மக போவா, கடைசியில அவனே போவான். 2 ராஜாக்கள் 4ல ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசிகிட்ட வந்து கதறுவாளே, புருஷன் செத்துட்டாரு, கடன்காரன் என் ரெண்டு பிள்ளைங்களயும் அடிமையா கூட்டிட்டு போக வந்திருக்கான்னு, அதேதான். இதுக்கு சட்டம் ஏற்கெனவே இருந்துச்சு. ஆறு வருஷம் வேலை செய்வான், ஏழாவது வருஷம் விட்டுரணும். உபாகமம் 15 இன்னும் ஒரு படி மேல போய், வெறுங்கையா அனுப்பாத, உன் ஆட்டுல, களத்துல, ஆலையில இருந்து அள்ளிக் குடுத்து அனுப்பு, நீயும் எகிப்துல அடிமையா இருந்தவன்தானேன்னு சொல்லுது. (பழைய பாபிலோன் ராஜா அம்முராபியோட சட்டத்துல மூணு வருஷம்தான், நாலாவது வருஷம் விடுதல, அந்த விஷயத்துல பாபிலோன்காரன் நம்மள விட பரவாயில்ல.) சட்டம் இருந்துச்சு, எவனும் மதிக்கல. உங்க பிதாக்கள் காது குடுத்தே கேக்கலன்னு எரேமியாவே சொல்றார்.

அப்போ இப்ப மட்டும் ஏன் திடீர்னு விட்டாங்க? பக்தின்னு சொல்லலாம். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்ல. வயல் எல்லாம் மதிலுக்கு வெளிய, பாபிலோன்காரன் கையில. வேலை இல்லாத ஆளுக்கு எசமான் சோறு போடணும், சோறோ இல்ல. விட்டுட்டா அவன் பாடு அவன் வயிறு. சுதந்தரமான ஆளுன்னா மதில் மேல நின்னு சண்டை போடவும் உதவுவான். இது பைபிள்ல எழுதியிருக்கிற காரணம் இல்ல, ஆராய்ச்சியாளருங்க நிறைய பேர் சொல்ற யூகம், ஆனா பின்னாடி அவங்க பண்ணின காரியத்த பாத்தா இந்த யூகம்தான் பொருந்துது. பயமும் கணக்கும் கலந்த ஒரு பக்தி. ஆனாலும் கவனிங்க, கடவுள் அந்த பக்திய தள்ளல. நீங்க இன்னைக்கு என் பார்வைக்கு நல்லத செஞ்சீங்கன்னு 15ஆம் வசனத்துல ஒத்துக்கிறார். காரணம் எதுவா இருந்தா என்ன, ஆளு வெளிய வந்துட்டான்ல, அது போதும்ங்கற மாதிரி.

அந்த உடன்படிக்கைய போட்ட விதம் இருக்கே, அதுதான் இந்த அதிகாரத்துக்கே சாவி. நாம உடன்படிக்கை "பண்ணினாங்க"ன்னு சொல்றோம். 'ஏற்பாடு'ன்ற வார்த்தையும் அதுதான், பழைய ஏற்பாடு புதிய ஏற்பாடுன்னு, ஆனா இன்னைக்கு ஏற்பாடுன்னா கல்யாணத்துக்கு பந்தல் சாப்பாடு ஏற்பாடுன்னு ஆயிப்போச்சு, காரமே இல்ல. எபிரெயத்துல உடன்படிக்கைய 'வெட்டுவாங்க'. நெஜமாவே வெட்டுவாங்க. ஒரு கன்னுக்குட்டிய ரெண்டா பிளந்து, ஒரு பாதி இந்தப் பக்கம், ஒரு பாதி அந்தப் பக்கம் போட்டு, நடுவுல ரத்தத்துல கால் வச்சு நடந்து போவாங்க. நான் வாக்கு மீறினா எனக்கும் இந்த கதி வரட்டும்னு அர்த்தம். நம்ம ஊர்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டு, "நான் சொன்னது பொய்யின்னா என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும்"னு சொல்லுவாங்கல்ல, அந்த ரகம். சாபத்த வெளியில இருந்து யாரும் விடறது இல்ல, வாக்கு குடுக்கிறவன் தன் தலையில தானே வச்சுக்கிறது.

இது இஸ்ரவேலுக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்ல. சிரியாவுல அலெப்போ பக்கம் செஃபீரேன்ற இடத்துல கிடைச்ச கல்வெட்டு, கி.மு. 8ஆம் நூற்றாண்டு, அரமேய மொழி, அர்பாத் ராஜா மத்தியேல் போட்ட ஒப்பந்தம். அதுல அப்படியே இருக்கு, இந்தக் கன்னுக்குட்டி வெட்டப்படுற மாதிரி மத்தியேலும் அவன் பிரபுக்களும் வெட்டப்படட்டும்னு. அதே மனுஷன் அசீரியா ராஜாவோட போட்ட இன்னொரு ஒப்பந்தத்துல ஆட்டுக்குட்டிய கொண்டு வந்து நிறுத்தி, இது ஆட்டுத் தலை இல்ல, மத்தியேலோட தலைன்னு சொல்லி இருக்காங்க. கேக்கும்போதே கழுத்த தடவிக்கத் தோணுது. அசீரியா ராஜா எசரத்தோன் கி.மு. 672ல கீழ உள்ள குறுநில ராஜாக்கள்கிட்ட எல்லாம் வாங்கின சத்தியப் பத்திரம் 1955ல ஈராக்ல நிம்ரூத்துல கிடைச்சுது, 2009ல துருக்கியில தெல் தாயினாத்துல இன்னொரு பிரதி. அதுல வர்ற சாபப் பட்டியலையும் உபாகமம் 28ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிங்க. வானம் வெண்கலமாகும், பூமி இரும்பாகும், பிணத்த பறவை தின்னும், ரெண்டுலயும் வரும். அந்தக் காலத்துல பேரரசன் தன் கீழ இருக்கிறவன்கிட்ட எழுதி வாங்கின பாணியையே எடுத்து, எங்களுக்கு பேரரசன் அசீரியாக்காரன் இல்ல, எகிப்துல இருந்து எங்கள கூட்டிட்டு வந்தவர்தான்னு சொல்றாங்க. அதனாலதான் தீர்க்கதரிசிங்க பேச்சு பாதி நேரம் கோர்ட்ல வக்கீல் பேசற மாதிரி இருக்கும். மீகா மலைகள சாட்சிக்கு கூப்பிடுவார், ஏசாயா வானத்தையும் பூமியையும் கூப்பிடுவார், ஓசியா தேசத்து ஜனங்க மேல வழக்கு இருக்குன்னு ஆரம்பிப்பார். ஆமோஸ்தான் ரொம்ப கறார். பூமியில உள்ள எல்லா வம்சத்துலயும் உங்கள மட்டும்தான் தெரிஞ்சுக்கிட்டேன், ஆகையினால உங்கள தண்டிப்பேன். அந்த "ஆகையினால" நம்ம பிரசங்கங்கள்ல வர்றதே இல்ல. 'தெரிஞ்சுக்கிட்ட ஜனம், ஆகையினால ஆசீர்வாதம்'னுதான் நாம முடிப்போம்.

சரி, கதைக்கு வருவோம். யூதாவோட பிரபுக்கள், எருசலேமோட பிரபுக்கள், அரண்மனை அதிகாரிங்க, ஆசாரியருங்க, ஜனங்க எல்லாரும் கன்னுக்குட்டி நடுவுல நடந்தாங்க, அதுவும் கடவுளோட பேர் விளங்குற ஆலயத்துலயே வச்சு. அடிமைங்கள விட்டாங்க. விட்டது நெஜம்.

அப்புறம் எகிப்துல இருந்து பார்வோன் படை கிளம்பிருச்சுன்னு சேதி வந்துச்சு. லாகீஸ் ஓடு ஒண்ணுலயும் படைத்தலைவன் கொனியான்னு ஒருத்தன் எகிப்துக்கு போறதுக்காக இறங்கி வந்தான்னு இருக்கு, அப்போ கேட்டிருக்காங்க. சேதிய கேட்ட பாபிலோன் படை எருசலேம விட்டு விலகிருச்சு (எரேமியா 37:5). ஒரு நாள் காலையில எழுந்து மதில் மேல ஏறிப் பாத்தா கூடாரம் எல்லாம் காலி. நினைச்சுப் பாருங்க அந்த சந்தோஷத்த. வாசல் திறக்குது. வயல் இருக்கு. திராட்சைத் தோட்டம் இருக்கு. வேலைக்கு ஆள் வேணும்.

உடனே போய் விட்ட அடிமைங்கள எல்லாம் திரும்ப பிடிச்சுட்டு வந்துட்டாங்க.

இந்த இடத்துல எனக்கு பார்வோன் ஞாபகம்தான் வரும், இந்தப் படை அனுப்பின பார்வோன் இல்ல, எபிரெயர்கள அடிமையா வச்சிருந்து விடமாட்டேன்னு நின்ன, மோசே காலத்து பார்வோன். தவளை வந்துச்சு, ஜனங்கள அனுப்பிடறேன்னான். தவளை செத்துச்சு, "இலகுவுண்டாச்சு"ன்னு பாத்ததும் மனச கடினமாக்கிக்கிட்டான். வண்டு, கல்மழை, ஒவ்வொண்ணுக்கும் அதே. வாதை இருக்கும்போது வாக்கு, வாதை போனதும் வாக்கும் போச்சு. எகிப்து அடிமை வீட்டுல இருந்து வந்தவங்கன்னு பெருமையா பஸ்கா பண்டிகை கொண்டாடின ஜனம், ஒரு பார்வோனோட படை வந்து மூச்சு விட வச்ச அன்னைக்கே, அவங்களே பார்வோன் ஆயிட்டாங்க. எபிரெயத்துல இந்த அதிகாரத்துல அடிமைய "அனுப்பிவிடு"ன்னு வர்ற வினைச்சொல்லும், மோசே பார்வோன்கிட்ட "என் ஜனத்த அனுப்பிவிடு"ன்னு கேட்ட வினைச்சொல்லும் ஒண்ணேதான். எரேமியா அத தெரியாம போட்டிருக்க மாட்டார்.

அவங்கள திட்டி ரெண்டு பக்கம் எழுதியிருப்பேன், ஆனா எழுத முடியல, ஏன்னா நாலு வருஷம் முன்ன எங்க அப்பா ஐசியுல இருந்தப்ப, வெளிய பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கிட்டு, ஆண்டவரே அப்பா மட்டும் வீட்டுக்கு வந்துட்டா எங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு குடுத்த எட்டாயிரத்த நான் கேக்கவே மாட்டேன்னு சொல்லியிருந்தேன். யாரும் கேக்கல, நானா சொன்னேன். அப்பா வந்தாரு. அக்காகிட்டயும் சொல்லிட்டேன், பணத்த மறந்துருங்கக்கான்னு, அவங்க முந்தானையால கண்ண துடைச்சாங்க. மூணாவது மாசம் வீட்டு லோன், அது இதுன்னு நெருக்கடி, சம்பளத்துல ஐநூறு பிடிச்சேன். "கொஞ்சம் கொஞ்சமா போதும்க்கா"ன்னு தயவு பண்ற மாதிரி வேற சொன்னேன். அவங்க ஒரு வார்த்தை சொல்லல, சரிங்கய்யான்னு வாங்கிட்டு போனாங்க. அந்த "சரிங்கய்யா" இருக்கே.

எரேமியாவுக்கு வருவோம். அவர் குடுக்கிற தீர்ப்பு ஒரே ஒரு வார்த்தையைச் சுத்தி சுத்தி வருது, தமிழ்லயும் அது அழகா உக்காருது. திரும்பு. நீங்க மனசு திரும்பி நல்லத செஞ்சீங்க (15). அப்புறம் திரும்பிட்டீங்க, என் பேர கெடுத்தீங்க, அனுப்பின ஆளுங்கள திரும்ப கொண்டாந்தீங்க (16). சரி, விட்டுப் போன பாபிலோன் படைய நானும் திரும்ப கொண்டு வர்றேன் (22). எபிரெயத்துலயும் எல்லா இடத்துலயும் ஒரே வினைச்சொல்தான். அவங்க அடிமைக்கு என்ன பண்ணினாங்களோ அச்சு அசலா அதேதான் அவங்களுக்கும், விட்டதத் திரும்பப் பிடிக்கிறது.

அதுக்கு நடுவுல 17ஆம் வசனம். விடுதலைக்கு எபிரெய வார்த்தை 'தெரோர்'. அம்பது வருஷத்துக்கு ஒரு தடவை அடிமைங்கள விடுற யூபிலி வருஷத்துக்கு லேவியராகமம் 25ல வர்ற அதே வார்த்தை, அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல இருக்கிற சுதந்தர மணியில பொறிச்சிருக்கிற வசனத்துல உள்ள வார்த்தை. பாபிலோன் பக்கமும் இதுக்கு ஒரு உறவுக்கார வார்த்தை உண்டு, அந்துராரும், பழைய ராஜாக்கள் கடன் ரத்து பண்ணி அடிமைங்கள வீட்டுக்கு அனுப்புறப்ப சொல்றது. எரேமியா என்ன சொல்றார்னா, நீங்க உங்க சகோதரனுக்கு தெரோர் சொல்லல, அதனால நான் உங்களுக்கு தெரோர் சொல்றேன், வாளுக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் போக உங்களுக்கு விடுதல. அதாவது இதுவரைக்கும் இந்த மூணும் உங்க மேல பாயாம பிடிச்சு வச்சிருந்தேன், இப்ப கைய எடுத்துட்டேன். முதல்ல இத நான் கோபத்துல பேசற நக்கல்னு நினைச்சேன். இப்ப அப்படி தோணல. உடன்படிக்கைன்னா ரெண்டு பக்கமும் கட்டு. ஒரு பக்கம் அவங்க தன் கட்ட அவுத்துட்டாங்க. அப்போ மறுபக்கம் அவங்கள சுத்தியிருந்த வேலியும் சேந்து அவுந்து போகுது.

18ஆம் வசனத்துல பச்சையாவே சொல்லிடறார், கன்னுக்குட்டிய ரெண்டா வெட்டி நடுவுல நடந்தீங்களே, அந்த கன்னுக்குட்டி கதிதான் உங்களுக்கு. பிணம் பறவைக்கும் மிருகத்துக்கும் இரையாகும். ஆபீஸ் நண்பர் சாபம்னு சொன்னது இதத்தான். ஆனா இந்த சாபத்த எழுதினது யாரு? அவங்களே வாயால சொல்லி, காலால நடந்து, கையெழுத்து போட்ட மாதிரி முடிச்ச பத்திரம் இது. எரேமியா அத திரும்ப எடுத்து வாசிச்சுக் காட்டுறார், அவ்வளவுதான். இன்னொரு விஷயம், இங்க விக்கிரகம் பத்தி ஒரு வார்த்தை கூட கிடையாது. பாகால்ன்ற அந்நிய சாமி இல்ல, தூபம் இல்ல, மலை மேல மேடை இல்ல. எரேமியா புஸ்தகம் பூரா அதெல்லாம் நிரம்பி வழியும், இந்த தீர்ப்புல மட்டும் குற்றம் ஒண்ணே ஒண்ணு, கூலிக்காரன ஏமாத்தினது. அதத்தான் "என் பேர பரிசுத்தக் குலைச்சல் ஆக்கினீங்க"ன்னு சொல்றார்.

இன்னொரு உடன்படிக்கை வெட்டும் உண்டு, ஆதியாகமம் 15. இஸ்ரவேலரோட மூதாதை ஆபிராம் (பின்னாடி ஆபிரகாம்) மூணு வயசு கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா எல்லாத்தையும் பிளந்து வச்சிட்டு பிணத்து மேல வர்ற பறவைங்கள விரட்டிக்கிட்டு உக்காந்திருப்பார். பொழுது சாஞ்சு இருட்டினதும் புகையிற சூளையும் எரியிற தீப்பந்தமும் அந்த துண்டுங்க நடுவுல போகும். ஆபிராம் நடக்கல. கடவுள் மட்டும் தனியா நடக்கிறார், மீறினா எனக்கு இந்த கதின்னு. இத வச்சு பாத்தா எரேமியா 34ல இன்னும் கஷ்டமா இருக்கு. தானே துண்டுக்கு நடுவுல நடந்த ஒருத்தர்கிட்டதான் இவங்க நடந்து காட்டி ஏமாத்திருக்காங்க.

ஒரு குறையும் சொல்லிடணும், மறைக்கிறது நேர்மை இல்ல. இந்த விடுதல எபிரெய அடிமைக்கு மட்டும்தான். வேற ஜாதி அடிமைங்கள பரம்பரைச் சொத்தா வச்சுக்கலாம்னு லேவியராகமம் 25 சொல்லுது, அதே யூபிலி அதிகாரத்துலதான். அத பைபிள் ஸ்டடியில நான் ஒரு தடவை கேட்டேன், அடுத்த வாரம் பாக்கலாம்னாங்க, அந்த அடுத்த வாரம் இன்னும் வரல.

ஆனா அதே ஊர்ல அதே அரண்மனையில ஒரு வெளிநாட்டு ஆள் இருந்தான். எபெத்மெலேக், எத்தியோப்பியன். அந்தப் பேருக்கே அர்த்தம் ராஜாவோட அடிமை, அது பேரா வேலையான்னு கூட பிரிக்க முடியாது. எரேமியாவ பிரபுக்கள் தண்ணியில்லாத துரவுல சேத்துக்குள்ள இறக்கி விட்டுட்டாங்க, சிதேக்கியா 'உங்களுக்கு எதிரா நான் என்ன பண்ண முடியும்'னு கைய விரிச்சுட்டான், அப்ப நேரா ராஜாகிட்ட போய் பேசினது இந்த ஆள் ஒருத்தன்தான். கயிறு கொண்டு போனான், கூடவே கந்தலும் பழந்துணியும் எடுத்துட்டுப் போய், இத அக்குள்ல வச்சுக்கங்க, கயிறு அறுக்கும்னு மேல இருந்து சொல்றான் பாருங்க (38:12). ராஜா, பிரபு, ஆசாரியன்னு அத்தனை பேர் வர்ற இந்த புஸ்தகத்துல கயிறு உறுத்தும்னு யோசிச்ச ஒரே ஆளு.

பாபிலோன் படை திரும்ப வந்துச்சு. பார்வோன் படை வந்த வழியே போயிருச்சு. கி.மு. 587ல, சிலர் கணக்குல 586ல, நாலாம் மாசம் ஒம்பதாம் தேதி மதில் உடைஞ்சுது. சிதேக்கியா ராத்திரியில தோட்டத்து வழியா தப்பிச்சு ஓடி எரிகோ வெளியில மாட்டிக்கிட்டான். நேபுகாத்நேச்சார் தங்கியிருந்த ரிப்லாவுக்கு கொண்டு போய், அவன் பிள்ளைங்கள அவன் கண்ணு முன்னாடியே வெட்டி, அதுக்கப்புறம் அவன் கண்ண பிடுங்கினாங்க. கடைசியா அவன் பாத்தது அது. நீ பாபிலோன் ராஜாவ கண்ணோட கண்ணா பாப்பேன்னு எரேமியா 34ஆம் அதிகாரத்து தொடக்கத்துலயே சொல்லியிருந்தார், அவன் பாபிலோனுக்கு போவான் ஆனா அத பாக்க மாட்டான்னு எசேக்கியேல் 12ல சொல்லியிருந்தார், ரெண்டும் எப்படி நடக்கும்னு யோசிக்கிறவனுக்கு ரிப்லா பதில். வயசு அப்ப 32. அத நியாயம்னு சொல்ல எனக்கு வாய் வரல, அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணிச்சுங்க. எரேமியாவும் அத கொண்டாடல. என் தலை தண்ணியா இருக்கக் கூடாதா, என் கண்ணு கண்ணீர் ஊத்தா இருக்கக் கூடாதா, ராத்திரி பகலா அழுவேனேன்னு முன்னாடியே புலம்பின மனுஷன் அவர்.

எபெத்மெலேக்குக்கு தனியா ஒரு சேதி வந்துச்சு, நீ என்ன நம்பின, உன் உசிரு உனக்கு தப்பும்னு (39:18).

அதே 39ஆம் அதிகாரத்துல, நகரம் எரிஞ்சு, மதில் இடிஞ்சு, மிச்சம் இருந்தவங்கள எல்லாம் வரிசையா பாபிலோனுக்கு கூட்டிட்டு போன பிறகு, நடுவுல ஒத்த வசனமா பத்தாவது வசனம் கிடக்கு. வேகமா வாசிச்சா தாண்டிப் போயிரும், நான் எத்தனையோ வருஷம் தாண்டிப் போயிருக்கேன். பாபிலோன் படையோட காவல் தலைவன் நேபுசராதான் ஒண்ணுமே இல்லாத ஏழைங்கள மட்டும் யூதா தேசத்துலயே விட்டுட்டுப் போறான், அன்னைக்கே அவங்களுக்கு திராட்சைத் தோட்டமும் வயலும் குடுக்கிறான். யாரோட திராட்சைத் தோட்டம், யாரோட வயல்னு அந்த வசனத்துல எழுதல.